சோறு வராத ராஜ விருந்து

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு காலத்தில் வராது. இப்போது வரும். சீனக் கடையில் பட்ட பாடுதான் காரணம்.

அப்போது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை எனக்கு. பூண்டுலோயாவில் தோட்டக் கங்காணி ஒருவரின் மகளைப் பெண் கேட்டிருந்தோம். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்தவன் ஒருவனும் அதே பெண்ணைக் கேட்டிருந்தான். ஆளை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார் கங்காணி. நுவரெலியாவுக்கு வரச் சொன்னேன். அங்கே ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. பீக்கிங் அரண்மனையில் ராஜாவுக்குச் சமைத்த பரம்பரை என்று ஊரெல்லாம் பேச்சு.

"இங்க சாப்பிட்டிருக்கீங்களா தம்பி?"

"அடிக்கடி வருவேன் மாமா." (வாசல் வரைக்கும்தான்.)

வெள்ளைத் துணி விரித்த மேசை. ராஜ விருந்து என்று சொல்லிவிட்டு, கால்மேல் கால் போட்டேன். கங்காணி பார்த்தார். எடுத்துவிட்டேன்.

முதலில் காளான் வந்தது. நம் பந்தியில் கறியை முதலில் வைப்பார்கள். இலையில் சோறு விழும்வரை யாரும் தொடமாட்டார்கள். கங்காணியும் தொடவில்லை. அவர் தொடாமல் நான் எப்படித் தொடுவது? காத்திருந்தோம்.

பரிமாறுகிறவர் வந்தார். காளானை எடுத்துக்கொண்டு மீனை வைத்தார்.

"ஏன் எடுக்கிறாங்க?"

"அப்படித்தான் மாமா. ராஜாவுக்குக் காட்டிட்டு எடுப்பாங்க."

மீனும் போனது. வாத்து வந்தது. தோல் சிவந்து, நெய் மினுங்கியது. கங்காணியின் கண் வாத்தோடு வந்தது. வாத்தோடு போனது.

"சோறு எப்ப வரும்?"

"இப்ப வந்துரும்."

வந்தது முதலாளி. வயதான சீனர். முகம் வாடியிருந்தது. சமையலில் குறையா என்று சிங்களத்தில் கேட்டார். கங்காணி என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். குறை ஒன்றுமில்லை, சோற்றுக்குக் காத்திருக்கிறோம் என்றார்.

சோறு கடைசியில்தானாம். வயிற்றில் இடம் மிச்சம் இருக்கிறவர்களுக்காம். "எங்க ராஜா எதிலயும் மூணு கரண்டிக்கு மேல தொடமாட்டாராம். நீங்க அவரையும் மிஞ்சிட்டீங்க" என்றார் முதலாளி.

பிறகு சோறு வந்தது. சின்னக் கிண்ணம். வெறும் சோறு. வாத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். கங்காணி என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். பெண் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போது திரும்பினார்.

"நீங்க அங்க சாப்பிட்டதே இல்லதானே?"

"இல்ல மாமா."

"அந்தத் துணிக்கடைக்காரன் போன வாரம் எனக்கு முன்னாடியே கோழித் தொடைய எடுத்துட்டான். நீங்க நான் தொடலன்னு வாத்தையே விட்டீங்க. பெரியவங்கள வரச் சொல்லுங்க, நாள் பார்ப்போம்."

கல்யாணப் பந்தியில் என் இலையில் கறி வைக்க வந்தவரை மாமா தடுத்தார். "மாப்பிள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடுங்கப்பா. இல்லாட்டி பார்த்துட்டே எந்திரிச்சிருவாரு."

இன்றைக்கும் கோழி சமைத்தால் என் மனைவி சட்டியை என் முன்னால் வைப்பாள். "ராஜா பார்த்தாச்சா?" என்று எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.