பின்வளவுச் சப்பாத்து பற்றிய முறைப்பாடு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
மாசி 12

அன்புள்ள தங்கச்சி மரிஸ்டெல்லாவுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நீயும் உன் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தையும் இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. அதற்கு ஒரு வரி போதாது. கீழே முழுவதும் அதுதான்.

நான் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல். கவலை அதுவல்ல, என் மகன் நிஷான். மார்கழியில் மாதா கோயில் படியில் நான் சறுக்கியபோதே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அம்மா, இன்னொருக்கா விழுந்தீங்களெண்டா வீட்டை விக்கிறதுதான். கோட்-டெ-நெய்ஜில லிஃப்ட் வைச்ச அப்பார்ட்மென்ட் ஒண்டு பாத்திட்டன்." உன் அத்தான் கடைசி மூச்சு விட்ட வீடு இது. லிஃப்டுக்குள் நின்று நான் யாரை நினைப்பது?

எழுபத்தெட்டு வயதில் வீட்டுக்குப் பின்னால் வளவு வேலை எதற்கு என்று நீ கேட்பாய். இங்கே இந்த மாதத்தில் இரண்டு நாள் பனி உருகும், மழை பெய்யும், மூன்றாம் நாள் எல்லாம் உறையும். உருகிய தண்ணீர் நேரே நிலவறைக்குள் வரும். சேற்றை வெட்டி ஒரு வாய்க்கால் விட வேண்டும். நிஷான் சனிக்கிழமைகளில்தான் வருவான். தண்ணீர் சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை.

ஆகவே சப்பாத்து. முதற் சோடி மருமகள் ஷெரோன் வாங்கித் தந்தது; உள்ளே ஆட்டுமயிர், வெளியே அழகு, அடிப்பக்கம் பீங்கான் தட்டு. கோயில் படியில் விழுத்தியது அதுதான். இரண்டாவது வெறும் ரப்பர். சேற்றை நன்றாகப் பிடித்தது, ஆனால் கால் மணி நேரத்தில் என் விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. மூன்றாவது, உறைந்த ஏரியில் மீன்பிடிக்கும் ஆண்களுக்கானது. ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி வைக்க வேண்டும். நாலாவதற்கு நானே கடைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பி நகத்தால் அழுத்தினேன். நகம் பதிகிற ரப்பர்தான் குளிரில் கல்லாகாது. பள்ளங்களுக்குள் சுண்டுவிரலை விட்டேன். சேறு அடைக்காத அகலம். உள்ளுறையை வெளியே எடுத்துக் காயவைக்கலாம். இரண்டு சோடிக் காலுறைக்கு இடமிருந்தது. கன்னியர் மடத்தில் மதர் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்ததை விட உன்னிப்பாகப் பார்த்தேன்.

"அம்மா, சப்பாத்து வாங்க வந்தனாங்களோ, பொம்பிளை பாக்க வந்தனாங்களோ?" என்றான் நிஷான்.

"பொம்பிளையை இவ்வளவு பாக்கேல்லைத்தான்," என்றேன். ஷெரோன் குடைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைப் பெண் முழந்தாளிட்டு எனக்கு லேஸ் கட்டிவிட்டாள். வாசலில் தேங்கிய பனித் தண்ணீரில் என்னை நடக்கவிட்டு, "போன், மடாம்?" என்று கேட்டாள், நன்றாயிருக்கிறதா என்று. கால் சறுக்கவில்லை. வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வாய்க்கால் வெட்டி முடித்து, வேலிப்பக்கம் போனவள் மல்லாக்க விழுந்தேன். பத்து நிமிடம் சேற்றில். பக்கத்து வீட்டு மடாம் கண்டு நிஷானுக்கு டெலிபோன் அடித்துவிட்டாள். அவன் வேலையை விட்டு ஓடி வந்தான்.

"பூட்ஸ் போட்டனீங்களோ?"

"பின்ன வெறுங்காலோடயே வளவுக்க போவன்?"

"அப்ப எப்பிடி விழுந்தனீங்கள்?"

"அதைக் கடைக்காரரைக் கேள். வழுக்காது எண்டு தலையில கட்டிப்போட்டினம்."

அவன் என் சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், அந்தப் பெண்ணை எல்லோருக்கும் முன்னால் பிரெஞ்சில் ஏசியிருக்கிறான். அவள் அழுதாளாம், ஷெரோன் சொன்னாள். திரும்பி வந்து, "நல்ல சப்பாத்தெண்டா விழுந்திருக்க மாட்டீங்கள் என்ன?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் என் வீடு தொங்குகிறது. வீட்டை வாங்கப் பார்க்கிற ஒருவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறான், மறிப்பதா இல்லையா என்று இன்னும் யோசிக்கிறான். என் சொல்லை எடுக்க மாட்டான், சின்னம்மா சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு டெலிபோன் எடுத்து, "அக்கா நிண்டா மலை மாதிரி நிப்பா, பிழை சப்பாத்திலதான்" என்று சொல்லு. அழுத்திச் சொல்லு.

உன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மாதா தன் மேலாடைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
இமெல்டா அருமைராசா

பி.கு.: எழுதியதைத் திரும்ப வாசித்தேன். சப்பாத்தில் ஒரு பிழையும் இல்லை. வேலி மூலையில் உன் அத்தான் சீமெந்தில் மாதாவுக்குச் சின்னக் குகை மாதிரி ஒரு கெபி கட்டியிருக்கிறார். மாதாவின் தலையில் பனி கிடந்தது, தட்டிவிடப் போனேன். சேற்றுச் சப்பாத்தோடு மாதாவுக்கு முன்னால் போய் நிற்பேனா? கழற்றி, சோடி சேர்த்து வைத்துவிட்டு, காலுறையோடு இரண்டடி வைத்தேன். அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடமும் ஊர்ந்துபோய் ஒற்றைக் கையால் அவற்றைத் திரும்பப் போட்டு, லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த பிறகுதான் மடாமைக் கூப்பிட்டேன். கடைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டால் நான் கழற்றியது நிஷானுக்குத் தெரிந்துவிடும், வீடும் போய்விடும். கேட்காமல் எப்படி நற்கருணை வாங்குவது என்று தெரியவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நீ அவனுக்கு எடு. பிழை சப்பாத்தில் என்றால் வேறு சப்பாத்து வாங்கலாம்.