மைத்துனருக்கு அனுப்பிய பணம்

திருமூர்த்தி சத்தியம் செய்தது வெள்ளிக்கிழமை. அது உடைந்தது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இருந்த சனிக்கிழமை ஒன்றில்தான் அவர் யோக்கியமாக வாழ்ந்தார். அதற்கும் காரணம் அன்றைக்கு நெட் தீர்ந்து போயிருந்ததுதான்.

சத்தியம் இதுதான்: இனி மைப்பேனா வாங்குவதில்லை. மீறி ஒன்று வாங்கினாலும், வீட்டில் இருக்கும் இருபத்திரண்டு பேனாவையும் அவர் மனைவி நாகஜோதி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். கற்பூரம் எரியும்போதே அவள் கேட்டாள்: "பிளாஸ்டிக்கு தனியா, இரும்பு தனியாப் பிரிச்சுக் குடுக்கோணுமாங்க?"

இருபத்திரண்டு பேனா வைத்திருக்கிறவர் என்னதான் எழுதுவார்? ஒன்றும் எழுதமாட்டார். திருமூர்த்தி பனியன் துணி ஓட்டும் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் ஆபரேட்டர். அங்கே மைப்பேனா உள்ளேயே போகக்கூடாது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தால் ரோல் மொத்தமும் பாழ். வாட்ச்மேன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். ஆக, மை என்றால் விரட்டுகிற இடத்தில் உழைத்து, அந்தச் சம்பளத்தில் மைப்பேனா வாங்கிக்கொண்டிருந்தார் அவர். பால் பேனாவை வீட்டு வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. அது அவர் கொள்கை.

தூக்கம் வராத பகல்களில் ஒவ்வொரு பேனாவாக மை நிரப்பி அவர் எழுதுவது தன் கையெழுத்து ஒன்றைத்தான். சுழித்து, வளைத்து, கீழே ஒரு கோடு இழுத்து. கலெக்டர் போட வேண்டிய கையெழுத்து. அதைப் போடச் சொல்லி இந்த உலகத்தில் கேட்டவன் ஒரே ஒருத்தன்: நாகஜோதியின் தம்பி கிட்டுசாமி. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்க ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றான்.

"என்ற கையெழுத்து அத்தன மலிவில்ல மாப்ளே" என்றார் திருமூர்த்தி.

அதோடு கிட்டுசாமி அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நாகஜோதி சண்டை போடவில்லை. ரசத்தில் மட்டும் உப்பு கூடிக்கொண்டே வந்தது.

திருமூர்த்திக்கு இருந்த ஒரே ஆறுதல் வாட்சப்பில் ஒரு குரூப். பெயர் 'மைத்துனர்கள்'. ரிட்டையர்டு தமிழாசிரியர் செங்கோட்டையன் வைத்த பெயர். மையைத் துணையாகக் கொண்டவர் மைத்துனர் என்று பதவுரையும் அவரே போட்டார். ஞாயிறு காலையில் மூன்று தலைப்பு ஓடும்: வாங்கியது, பேரத்தில் அடித்தது, வாங்கி வயிறெரிந்தது. மூன்றாவதில்தான் கூட்டம் நெரியும். பொங்கலூர் கோழிப்பண்ணை நஞ்சப்பன் ஒருமுறை, "ஜப்பான் பேனாவுங்க... சம்சாரம் அதுல கோலப்பொடி டப்பா மூடிய நெம்பிப்போட்டாளுங்க" என்று குரல் உடைந்து அனுப்பியபோது, குரூப்பே மாலை போட்டு அஞ்சலி செலுத்தியது.

அந்த ஞாயிறு செங்கோட்டையன் ஒரு படம் போட்டார். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கையால் கடைந்த பேனா. கருப்பு உடம்பில் தேன் நிறக் கோடுகள். கீழே ஒரு வரி: "ஆறாயிரத்து ஐந்நூறு. தகுதியுள்ள கைக்கு மட்டும்."

தகுதியுள்ள கை போனஸ் பணத்தை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனது.

பயம் இல்லை. செங்கோட்டையன் நம்பரை அவர் 'மைத்துனர்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார். பொண்டாட்டி பார்த்தாலும் சந்தேகம் வராது. நிஜ மைத்துனன் நம்பர் 'எடுக்காதே' என்ற பெயரில் இருந்தது. ஒன்றை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாகஜோதி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். துணியில் எங்கே கறை, எங்கே பொத்தல் என்று ஒரே பார்வையில் பிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"ஏனுங்க..." பாத்ரூம் கதவுக்கு வெளியே குரல் வந்து நின்றது. "மைத்துனருன்னு ஒரு மெசேஜுங்க. 'ஆறாயிரத்து ஐந்நூறும் கிடைத்தது, உள்ளம் குளிர்ந்தது'ன்னு போட்டிருக்குது. ஆருங்க அது?"

சோப்பு நுரைக்குள் திருமூர்த்தி கண்ணைத் திறந்தார். எரிந்தது.

"ஆரு... மைத்துனருதான்."

"நம்ம கிட்டானுக்கா பணம் அனுப்பிச்சீங்க?"

இல்லை என்றால் இரும்புக் கடை. ஆமாம் என்றால் கிட்டுசாமி. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொன்னார்: "ஆமா."



"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

"செஞ்சதச் சொல்லிக்காட்டற ஆளா நானு?"

அன்றைக்கு ரசம் அமிர்தமாக இருந்தது. இரண்டாம் தடவை ஊற்றும்போது நாகஜோதி சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெளம தம்பிய விருந்துக்கு வரச் சொல்லிட்டனுங்க. நாட்டுக்கோழி அடிச்சரலாம்."

"பணத்தப் பத்தி... அவங்கிட்ட ஏதாச்சும் பேசுனியா?"

"போன்ல பேசற பேச்சாங்க அது? நேர்ல வரட்டும். உங்க முன்னாலயே அவன் வாயால சொல்லட்டும்."

ரசம் புரையேறியது.

மறுநாள் திருமூர்த்தி ஷிப்ட் முடிந்து தூங்கக்கூடப் போகாமல் முதலிபாளையத்துக்கு வண்டியை விட்டார். கிட்டுசாமி தகரக் கொட்டகையில் வாடகை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலில் கிடந்த வெட்டுத்துணியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னான். மரியாதையில் குறையே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. திருமூர்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"அதாவது, பணம் வாங்குனேன்னு அக்காகிட்ட நான் சொல்லோணும். அதுதானுங்க?"

"அவ்வளவுதான் மாப்ளே."

"தப்பா நெனைக்காதீங்க மச்சான். எனக்குப் பொய் வராதுங்க. வாங்காத பணத்த வாங்குனேன்னு சொன்னா நாக்கு கொளறிப்போகும்."

"பொறவு?"

"வாங்கிட்டுச் சொன்னா கொளறாதுங்க."

போனஸ் போய்விட்டது. பேனா மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு மத்தியானமே திருமூர்த்தி இருபத்திரண்டையும் மெத்தை மேல் வரிசையாகப் படுக்க வைத்துப் படம் எடுத்து 'மைத்துனர்கள்' குரூப்பில் போட்டார். இத்தனை காலம் "உறவே", "உயிரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் அரை நிமிஷத்தில் மாட்டுச்சந்தை ஆனது. நிப்பைக் கிட்டத்தில் காட்டு என்றார்கள். உடம்பில் கீறல் இருக்கிறதா என்றார்கள். நஞ்சப்பன் வாய்ஸ் மெசேஜ் விட்டார்: "என்னங்க, ஊட்ல மாட்டிக்கிட்டீங்களா? அப்படீன்னா இன்னுங் கொஞ்சம் கொறைச்சுச் சொல்லுங்க."

குறைத்தார். அடிமாட்டு விலைக்கு இருபத்திரண்டும் போயும் பணம் எட்டவில்லை. கடைசியில் செங்கோட்டையனையே கூப்பிட்டு, எபோனைட் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் தம்பி. கைமாறிய பேனா அல்லவா?"

"இன்னும் எங்கைக்கே வரலீங்களே ஐயா! நீங்க பார்சலே போடலியே!"

"மனதளவில் மாறிவிட்டது. பார்சல் போடாததால் கூரியர் செலவு உங்களுக்கு மிச்சம், பார்த்தீர்களா?"

நல்ல தமிழில் ஏமாறுவது ஒரு தனி வலி. கண்ணால் பார்க்காத பேனாவுக்குத் திருமூர்த்தி அன்றைக்குக் கொஞ்ச நேரம் துக்கம் காத்தார். சாயங்காலம் பணம் முதலிபாளையம் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு வந்தது. கிட்டுசாமியும் வந்தான். கோழியில் கால் இரண்டும் அவன் இலையில் விழுந்தன. "மச்சான் பெரிய மனசு பண்ணிக் குடுத்தாருக்கா" என்று நாக்கு கொளறாமல் சொன்னான். நாகஜோதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். கழுத்து எலும்பைச் சப்பிக்கொண்டிருந்த திருமூர்த்திக்கு, பேனா போனாலும் மானம் நின்றது என்று ஒரு சின்ன நிம்மதி.

கை கழுவிவிட்டு வந்த கிட்டுசாமி பையிலிருந்து ஃபைனான்ஸ் பாரத்தை எடுத்து விரித்தான்.

"மச்சான், ஜாமீன் கையெழுத்துங்க. இங்கொண்ணு, பின்னால ஒண்ணு."

"பணமே குடுத்தவரு, கையெழுத்தா போடமாட்டாரு?" என்றாள் நாகஜோதி, பாக்கு வெட்டிக்கொண்டே.

 மிஷின் கடன், மாசத் தவணை, வாசலில் வந்து நிற்கும் வசூல்காரன் எல்லாம் திருமூர்த்தியின் கண்முன் ஓடியது. அப்போதுதான் பொறி தட்டியது. இருபத்திரண்டையும் விற்ற துக்கம் அந்த நொடியில் ஆனந்தமாக மாறியது.

"போட்டறலாம் மாப்ளே, அதுக்கென்ன!" எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். டிராயரை இழுத்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். தேடுவதுபோல நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. "இந்த அநியாயத்தப் பாரு மாப்ளே! இத்தன பெரிய ஊட்ல ஒத்தப் பேனா இல்ல!"

கிட்டுசாமி சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் பால் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான்.

"அக்கா போன ஞாயித்துக்கெளமயே சொல்லிருச்சுங்க மச்சான், வாரப்ப பேனா ஒண்ணு கொண்டாந்துருடான்னு."