மீசைக்கு மட்டும் அனுமதி

கம்ப்யூட்டர் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, வாடிக்கையாளரின் மனதை என்னைப்போல் அறிந்தவர் எவருமில்லை. இதை நான் சொல்லவில்லை, என் விசிட்டிங் கார்டு சொல்கிறது. 'மூத்த தீர்வு ஆலோசகர்' என்று அதில் பொன்னெழுத்தில் இருக்கும். கார்டை அடிக்கக் கொடுத்தவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளை 'நவீனப்படுத்துவது' என் திருப்பணி. போன வருஷம் அந்தப் பாக்கியம் அர்த்தநாரி ஐயாவின் கம்பெனிக்குக் கிடைத்தது. பார்த்த மாத்திரத்தில் முதலாளி என்று தெரிந்துவிட்டது. அப்படியொரு முறுக்கு மீசை. அவர் மனைவி ஜெயபாரதி பக்கத்து நாற்காலியில் இருந்தார். மீட்டிங் நடுவிலேயே கட்டிங், டையிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் போனில் உத்தரவு போட்டார். வாடிக்கையாளரின் கவனம் சிதறுகிறதே என்று எனக்கு மிகுந்த வருத்தம்.

"இனிமே உங்க முகம்தாங்க சாவி. நீங்க கேமராவப் பாத்தாத்தான் லாரி கேட்டைத் தாண்டும். வேற யாராலயும் முடியாது" என்றேன் அர்த்தநாரியிடம்.

"எதுக்கும் எங்க ஊட்டுக்காரிய ஒரு வார்த்தை கேட்டுக்குங்க தம்பி."

வாய்விட்டுச் சிரித்தேன். வாடிக்கையாளரின் ஜோக்குக்குச் சிரிப்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

ஜெயபாரதி போனை வைத்தார். "ஏனுங்க, இவரு வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனி போயி மொட்டை போடுவாருங்க. மீசையும் எடுத்துருவாருங்க. அப்பக் கேமராவுக்கு ஆள் அடையாளம் தெரியுங்களா?"

"அருமையான கேள்விங்க மேடம்" என்று பாராட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். எங்கள் அகராதியில் அதற்குப் பெயர் பதில்.

தைப்பூசமும் வந்தது. அது முடிந்த மறுநாள் சாயங்காலம் போன் வர, அலறிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு உள்ளே லாரி நின்றது. லாரி நிறைய ஜெர்மனிக் குழந்தைகளின் சட்டைகள். விடிவதற்குள் தூத்துக்குடி சேராவிட்டால் கப்பல் போய்விடும். கப்பலோடு, அலைந்து திரிந்து பிடித்த ஆர்டரும் போய்விடும். கேமரா முன்னால் அர்த்தநாரி, மழுமழுவென்று, தலை முழுக்கச் சந்தனத்தோடு.

திரை அறிவித்தது: 'அந்நிய நபர். முதலாளியைத் தொடர்புகொள்ளவும்.'

"நான்தானுங்க அது" என்றார் அவர், கேமராவிடம் பணிவாக.

"புது முகத்தப் பதிஞ்சாப் போதுங்க ஐயா" என்றேன்.

"பதிங்க."

"அதுக்குப் பழைய முகம் வந்து அனுமதி குடுக்கணுங்க."

"அது பழனியிலயே போயிருச்சுங்களே தம்பி!"

"எங்க மேலிடத்துக்கு எழுதியிருக்கேங்க. மூணு வேலை நாள்ல பதில் வந்துரும்."

"கப்பலுக்காரன்கிட்டயும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க" என்றார் ஜெயபாரதி.

லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயபாரதி மட்டும் பதறவில்லை. வேஸ்ட் மூட்டையிலிருந்து கறுப்புப் பனியன் துணியை உருவினார். கத்திரியால் ஒரு மீசை வெட்டி, டேப் போட்டுக் கணவரின் உதட்டுக்கு மேல் ஒட்டினார். மிச்சத் துணியை முடிபோலத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

'நல்வரவு, முதலாளி!' என்றது திரை. கேட் திறந்தது. லாரி பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். 'கூட்டு முயற்சி' என்பதால் நானும் தட்டினேன்.

ஜெயபாரதி அந்த மீசையைப் பிய்த்து என் கையில் வைத்தார். "கம்பெனி எம்பேர்லதானுங்க இருக்குது. அன்னைக்குக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. இத வச்சுக்குங்க, அடுத்த கம்பெனிக்கு ஆகும்."

என் மென்பொருளை இன்று ஊரே கேலி செய்கிறது. இது பெரிய அநியாயம். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. முதலாளியம்மாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மீசைக்குக் கும்பிடு போட்டது. அதைக் கொண்டுவந்து மாட்டிய நான் செய்ததும் அதுதானே?