முதலில் பேர், பிறகு அழுகை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு வகை மனிதர் உலாவுகிறார். தூரத்தில் பார்த்தால் சாதாரணக் கிளாக்கர் மாதிரித்தான் இருப்பார்: வெள்ளைக் கோட்டு, கறுத்தக் குடை, கக்கத்தில் பேப்பர். கிட்டப் போனால்தான் ஆபத்து. அவர் தன் பிள்ளைக்கு உணர்ச்சி படிப்பிக்கும் தகப்பன்! அரிச்சுவடி படிப்பிக்கிற தகப்பனைக் கண்டிருப்பீர்கள். வாய்பாடு கேட்டுக் காதைத் திருகுகிற தகப்பனையும் கண்டிருப்பீர்கள். இவர் புதுத் தினுசு. மனசில் நடப்பதற்குப் பேர் சொல்லப் பழகின குழந்தை பிற்காலத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என்று, சீமையிலிருந்து வந்த ஏதோ ஒரு சின்னப் புத்தகத்தில் வாசித்துவிட்டு, அன்றைக்கே பாடத்தைத் தொடங்கிவிடுகிறவர்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சுந்தரலிங்கத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தான் வேலைபார்க்கும் கந்தோரின் கடதாசி ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்து முகம் கீறி, இலக்கம் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஒன்று சந்தோஷம், இரண்டு கோபம், மூன்று பயம், நாலு துக்கம், ஐந்து வெட்கம். மனுஷனுக்குச் சித்திரம் வராது. ஐந்தும் வயிற்றுவலிக்காரன் ஒருவனுடைய முகம் போலவே இருக்கும். ஆனாலும் என்ன, நாலரை வயசு மகள் பவளத்துக்கு ஐந்தும் தண்ணீர் பட்ட பாடு.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. முதலில் பேர், பிறகு அழுகை. பேர் சொல்லாத அழுகை அங்கே செல்லாது.

ஒருநாள் பவளம் வாசற்படியில் தடக்கி விழுந்து, முழங்கால் உரஞ்சி, வீரிட்டுக் கத்துகிறாள். சுந்தரலிங்கத்தார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து குந்தினார்.

“பிள்ளை, இது எத்தினையாம் படம்?”

“நோகுது அப்பா!”

“நோவு உடம்பின்ர விஷயம். நான் கேக்கிறது மனசை. கோபமோ? துக்கமோ?”

உள்ளே இருந்து அவர் மனைவி மயிலம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். “இஞ்சருங்கோ, பிள்ளைக்கு ரத்தம் ஓடுது, நீங்கள் பரீட்சை வைக்கிறியள்! அங்கால தள்ளுங்கோ!”

“எனக்குக் கோபம் வரப்பண்ணாதை!” என்று கத்திய சுந்தரலிங்கத்தார், அடுத்த மூச்சிலேயே, “எனக்குக் கோபமே வாறேல்லை, பசி” என்றார்.

இதுதான் இந்த வகையினரின் முக்கிய அடையாளம், குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள எல்லார் முகத்தையும் படிப்பார்கள், கண்ணாடியைச் சவரத்துக்கு மட்டும் பாவிப்பார்கள். சுந்தரலிங்கத்தாருடைய அகராதியில் அவருடைய கோபத்துக்குப் பேர் பசி. அடுத்த மேசைக்காரனுக்குப் பதவி உயர்ந்தபோது அவருக்கு வந்த எரிச்சலுக்குப் பேர் நியாயம். யுத்தம் கிட்ட வருகிறதென்று இரத்மலானை விமானத் தளப் பக்கமிருந்து முதன்முதலாக அபாயச் சங்கைப் பரீட்சை பார்க்க ஊதினார்களே, அன்றைக்குச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே முதலில் புகுந்தவர் அவர்தான். மகள் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, மூண்டாம் படம்!”

“பயமில்லைப் பிள்ளை. இது முன்யோசனை.”

“முன்யோசனை எத்தினையாம் படம்?”

“அதுக்குப் படமில்லை” என்றார் மேசைக்குள்ளிருந்து.

ஜப்பான்காரன் கையில் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்தது. அடுத்தது கொழும்புதான் என்று ஊரெல்லாம் ஒரே கதை. வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்கள். பெண்களும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக்கு. சர்க்கார் உத்தியோகக்காரருக்கு லீவு கிடையாது, அவர்கள் இங்கேயே. மயிலம்மாவும் பவளமும் சாவகச்சேரிக்குப் புறப்பட்டார்கள். சுந்தரலிங்கத்தார் படக் கடதாசியைச் சுவரிலிருந்து பக்குவமாக உரித்து, சுருட்டி, மகள் கையில் கொடுத்தார். அங்கே போயும் பாடத்தை விடக்கூடாதாம்!

பொழுதுபடுகிற நேரம், கோட்டை ஸ்டேஷனில் ஈ நுழைய இடமில்லை. இனி எப்போது சந்திப்பு, சந்திப்பு உண்டோ இல்லையோ, ஒருவருக்கும் தெரியாது. சுந்தரலிங்கத்தார் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தல் பத்திரம், சாவி பத்திரம் என்று மூன்றாம் தரமும் சொல்லிக்கொண்டிருந்தார். பவளம் கடதாசியை விரித்தாள். படத்தைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், விரலை வைத்தாள்.

“அப்பா, உங்கட முகம் நாலாம் படம்.”

“இல்லைப் பிள்ளை. தடிமன்.”

“தடிமன் இதில இல்லை.”

“மூக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“பேர் சொன்னாத்தான் அழலாம் அப்பா. நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

மயிலம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். கார்ட் கொடியைக் காட்டினான். ரயில் அசைந்தது. சுந்தரலிங்கத்தார் அப்படியே நின்றார். பெட்டி ஒன்று போனது, இரண்டு போனது. பிறகு மனுஷன் ஓடத் தொடங்கினார் பாருங்கள்! குடை விழுந்தது, அவர் கந்தோர்த் துரைமார் இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், அவர் எதையும் கவனிக்கவில்லை.

“துக்கம்! பவளம், துக்கம் பிள்ளை! நாலாம் படம்தான்! அப்பாவுக்குப் பொறுக்கமுடியாத துக்கம்!”

ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கை கடதாசியை ஆட்டியது. “சரி அப்பா! இனி அழுங்கோ!”

பிளாட்போரத்து முடிவில், தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, சுந்தரலிங்கத்தார் சட்டப்படி அழுதார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அங்கேதானே நின்றேன்! என் வீட்டுக்காரியும் மூன்று பிள்ளைகளும் அதே ரயிலில் போனார்கள். நான் அழவில்லை. எனக்குத் தடிமன், அன்று பிடித்தது இன்னும் விட்டபாடில்லை. அது கிடக்கட்டும். சிரித்துச் சிரித்து வாசித்துக்கொண்டு வந்த நீங்கள், இப்போது ஏன் கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடுகிறீர்கள்? உங்களுக்கும் தடிமனோ?