தரை ஒட்டவில்லையே!

"கைப்பிடி இவ்வளவு லேசா வரக்கூடாதே தம்பி," என்றார் ஆம்ப்ரோஸ் டன்ஸ்டன்.

நோரிஸ் எண்ணெய்த் துணியை மேசையில் போட்டான். அந்தக் கைப்பிடியை லேசாக வரவைக்கத்தான் ஒரு குளிர்காலம் முழுவதும் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தான்.

"லேசா வந்தா நல்லதுதானே சார்?"

"நல்லதா? அந்தக் காலத்துல ஒரு இழுப்புக்கே தோள்பட்டை கழண்டு போகும். அதுக்குப் பேருதான் பழ மெஷின். இது என்ன, குளியலறைக் கதவா?"

நோரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். கடிக்காமல் வேறு வழியில்லை.

சாண்ட்பி கடல்பாலத்தின் நுழைவாயிலில் இருக்கும் அந்த நீள அறையில் ஒரு காலத்தில் ஆர்கேடு என்ற காசு விளையாட்டுக் கூடம் இருந்தது. பென்னியைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் செர்ரி, எலுமிச்சை, பிளம்ஸ் படங்கள் சுழன்று நிற்கும். மூன்றும் ஒன்றாக நின்றால் காசு கொட்டும். ஆர்கேடு மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஷெஃபீல்டில் பஸ் மெக்கானிக்காக இருந்து, வேலையை விட்டுவிட்டு மனைவி பெரிலுடன் இந்த ஊருக்குக் குடிவந்த நோரிஸ், பழைய மெஷின்களை ஏலத்தில் பிடித்துச் சரிசெய்து அதே அறையில் வரிசையாக நிறுத்தியிருந்தான். கடல்பால அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். இருந்தால் அறை நோரிஸுக்கு, இல்லையென்றால் பான்கேக் கடைக்காரருக்கு.

'ஆமாம், இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று அறக்கட்டளைச் செயலாளர் திருமதி ஹாக்ஸ்வொர்த் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். முதல் ஆளாக டை கட்டிக்கொண்டு வந்து நின்றவர் டன்ஸ்டன். இரண்டாவது ஆள் வரவில்லை.

"பான்கேக் கடை வந்துட்டா இந்த இரும்பெல்லாம் எங்க போகும்?" என்று பெரில் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்குத்தான்."

"சரி. அப்ப நான் எங்க அக்கா வீட்டுக்கு."

பெரில் இந்த மாதிரி விஷயத்தில் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. அதனால் நோரிஸ் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே பஸ் கதவுக்குப் போடுகிற ஸ்பிரிங்கைத் திணித்தான்.

மறுநாள் டான்காஸ்டரிலிருந்து வந்த ஒருவர் ஒரு கையில் ஐஸ்கிரீமோடு கைப்பிடியை இழுத்தார். அது இறங்கிய வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மேலே திரும்பி, ஐஸ்கிரீமைக் கூரைக்கு அனுப்பியது. இருந்தாலும் மூன்று பிளம்ஸ் வரிசையாக வந்து நின்றன. தட்டில் சலசலவென்று பழைய பென்னிகள் கொட்டின. மனுஷன் ஐஸ்கிரீமை மறந்துவிட்டுக் குதித்தார்.

டன்ஸ்டனின் முகம் கறுத்துவிட்டது.

"காசு குடுக்குது?"

"ஜெயிச்சா குடுக்கும் சார்."

"இது என்ன தர்ம சத்திரமா? அந்தக் காலத்துல ஒரு பய ஜெயிச்சதில்ல. போட்டா போச்சு. முழுங்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கும்."

"யாருமே ஜெயிக்காத மெஷின்ல எதுக்கு சார் போய்க் காசு போட்டாங்க?"

டன்ஸ்டன் யோசித்தார். "அதுதான் எனக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியல."

நோரிஸ் காசு வரும் குழாயில் கந்தைத் துணியை அடைத்தான். அடைக்கும்போது அழுகையே வந்தது. அந்தக் குழாயை அவன் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தான்.

அன்று பிற்பகல் கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு பஸ் நிறைய விதவைகள் சங்கத்தார் வந்திறங்கினார்கள். போட்ட காசெல்லாம் போனது. அவர்களில் ஒரு பெருத்த அம்மாள் மூன்று செர்ரி வந்தும் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஏமாத்துறியா?"

"இல்லம்மா, அந்தக் காலத்துல இப்படித்தான்..."

"அந்தக் காலத்த என்கிட்டயே சொல்றியா நீ?" என்று அந்த அம்மாள் கைப்பையால் ஓங்கி ஒன்று வைத்தார். மெஷின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"இப்பதான் ஒரு களை வருது," என்றார் டன்ஸ்டன், திருப்தியாக. பிறகு குனிந்து பார்த்தார். காலைத் தூக்கினார், வைத்தார். "ஆனா தரை ஒட்டலையே."

"தரை எதுக்கு சார் ஒட்டணும்?"

"ஒட்டும். செருப்பு வராது. கால் மட்டும்தான் வரும்."

"நான் சின்ன வயசுல போன ஆர்கேட்ல எல்லாம் கம்பளம் நல்லாத்தானே இருந்துச்சு..."

"அது எந்த ஊரு?"

"பிரிட்லிங்டன்."

"அங்க போய்க் கட எடு."

நோரிஸ் ஒரு வாளி லெமனேடைப் புதுக் கம்பளத்தில் ஊற்றினான். பெரில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கம்பளம் அவள் தேர்ந்தெடுத்தது. காய்ந்ததும், வறுத்த உருளைக்கிழங்கைத் தேடி உள்ளே வந்த கடற்காக்கை ஒன்று நடு அறையில் நின்றுவிட்டது. ஒரு காலை எடுத்தால் மற்றது எடுபடவில்லை. அதை வெந்நீர் ஊற்றி விடுவிப்பதற்குள் அது நோரிஸின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அது போன பின்னால் பெரிலின் இடது செருப்பைக் கம்பளத்திலிருந்து பிய்க்க வேண்டியிருந்தது.

"நோரிஸ், அந்தக் கிழவன் உன்ன வெச்சு விளையாடறான்."

"நாளைக்கு சனிக்கிழமை. ஹாக்ஸ்வொர்த் அம்மா வருவாங்க. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ."

"கம்பளத்துக்கிட்ட சொல்லு."

சனிக்கிழமை காலையில் டன்ஸ்டன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "வாடையே இல்லையே தம்பி. நுழைஞ்ச உடனே குடலப் புரட்டணும். சிகரெட்டு, மீனு, ஈரக் கோட்டு."

"இப்ப உள்ள சிகரெட் பிடிச்சா சட்டப்படி குத்தம் சார்."

"அப்ப மீன்."

பெரில் வீட்டுக்குப் போய், சின்ன அடுப்பையும் நாலு கருவாட்டு மீனையும் கொண்டுவந்து, கரியாகும்வரை பொரித்தாள். யாரையோ வறுப்பதாக நினைத்துக்கொண்டு வறுத்தாள் என்று நோரிஸுக்குத் தோன்றியது. தீ எச்சரிக்கை மணி அலறியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் மழையில் ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, பார்த்தது, திட்டியது, போனது. எல்லாரும் நனைந்து திரும்பி வந்தபோது ஈரக் கோட்டு வாடை தானாகவே வந்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திருமதி ஹாக்ஸ்வொர்த் உள்ளே நுழைந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன மிஸ்டர் டன்ஸ்டன், இப்படியா இருந்துச்சு?"

டன்ஸ்டன் விரிசல் கண்ணாடியைப் பார்த்தார், காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு குறையுது."

நோரிஸுக்கு உள்ளே என்னவோ அறுந்தது.

"யோவ் கிழவா!" என்று கத்தினான். "என்னய்யா குறையுது? கைப்பிடி கேட்ட, குடுத்தேன். கம்பளம் போச்சு, கண்ணாடி போச்சு, என் பொண்டாட்டியும் போகப்போறா! நீ எல்லாம் ஒரு மனுஷனா? வெளிய போ! இனிமே இந்தப் பக்கம் தல காட்டின, கழுத்தப் பிடிச்சுக் கடல்ல தள்ளிடுவேன்!"

கத்தி முடித்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. எண்பது வயது தாண்டிய மனிதரை அவன் இதுவரை இப்படிப் பேசியதில்லை. அறையும் போச்சு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

டன்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"இதுதான்மா," என்றார் மெல்ல. "கத்தி வெளிய துரத்துற இந்த ஆளுதான் குறைஞ்சாரு. இப்ப அப்படியே இருக்கு. ஒரு அச்சு மாறல."

திருமதி ஹாக்ஸ்வொர்த் நோரிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். அறை உங்களுக்குத்தான்." கைக்குட்டையை எடுக்காமலே வெளியேறினார். பெரில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கருவாட்டுச் சட்டியைப் பார்த்தாள்.

அண்ணனை அழைத்துப் போக வந்திருந்த டன்ஸ்டனின் தங்கை வினிஃப்ரெட், குடையை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள். டன்ஸ்டன் கையில் ஒரு பென்னியை வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

நோரிஸ் அவளிடம் போய், "மன்னிச்சுக்கோங்கம்மா, கொஞ்சம் கத்திட்டேன்," என்றான். "ஆனா உங்க அண்ணனுக்கு என்னா ஞாபக சக்தி! தரை ஒட்டறது, வாடை, கழுத்தப் பிடிச்சுத் தள்றது வரைக்கும் ஒண்ணு விடாம வெச்சிருக்காரே!"

"ஞாபகமா?" என்றாள் வினிஃப்ரெட். "ஆர்கேடு இருந்த காலத்துல அவன் இந்த வாசப்படியத் தாண்டினதே இல்லப்பா. அதெல்லாம் நாங்க உள்ள போயிடக் கூடாதுன்னு எங்கம்மா கட்டிவிட்ட கதை!"