ஜீப்பும் இரண்டு கூடை மாம்பழமும்

ஓட்டுநர் உரிமம் வாங்கிய மூன்றாம் மாதமே காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டக் கிளம்பியவள் நான். புத்தி இருந்ததா என்று கேட்காதீர்கள், ஆசை இருந்தது.

ஜீப் என் மாமனாருடையது. பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். பெற்ற மகனிடமே, அதாவது என் கணவர் சேகரிடமே, சாவியைக் கொடுக்கமாட்டார். நான் கேட்டதும், "எடுத்துக்கினு போம்மா. ஒரு கீறல் இல்லாம வந்துட்டா சாவிய நீயே வெச்சிக்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது பின்னால் இரண்டு கூடை மாம்பழம் ஏற்றினார்.

"காட்டுல யாருக்கு மாமா?"

"சீசன்ல வண்டி சும்மா போவக்கூடாதும்மா." (அந்த வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனாலும் ஒரு கூடை ஏறிவிடும்.)

பலமனேரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் மண் பாதை. முடிவில் கூடாரம் அடித்துத் தங்க ஓர் இடம். அனுமதி எல்லாம் வாங்கியிருந்தோம். பாறையிலும் பள்ளத்திலும் ஜீப் தூக்கித் தூக்கிப் போட, நான் "ஹோ!" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். சேகர் கண்ணை மூடிக்கொண்டு "கோவிந்தா, கோவிந்தா" என்றார்.

பாதி வழியில் வறண்ட ஓடை மணலில் பின்சக்கரங்கள் புதைந்தன. முன்னால் எடுத்தேன், பின்னால் எடுத்தேன், இன்னும் புதைந்தன. சேகருக்குத்தான் யோசனை வந்தது. பழக்கூடையில் வைக்கோல் இருக்கிறதே! ஜீப்புக்குப் பின்னால் துண்டை விரித்துப் பழங்களைக் கொட்டினார். வைக்கோலைச் சக்கரங்களுக்கு அடியில் திணித்துவிட்டு ஓரமாக நின்று, "இப்ப மெதுவா முன்னாடி எடு" என்றார்.

ஒரே மிதி. ஜீப் சீறிக்கொண்டு வெளியே வந்தது, பின்பக்கமாக! (ரிவர்ஸ் கியரை மாற்றவேயில்லை இந்த மகராசி.)

"ஐயோ, பழம்!" என்று சேகர் அலறினார்.

"வெளிய வந்துட்டமில்ல!" என்று நான் குதித்தேன். சக்கரமெல்லாம் பழக்கூழ்.

அடுத்த முயற்சியில் ஓடையைத் தாண்டிவிட்டோம். தங்குமிடத்தில் இருந்தது மூன்று கல்லும் கொஞ்சம் கரியும்தான். குழாய் கிடையாது, சக்கரத்தைக் கழுவ வழியில்லை. கூடாரம் அடித்து முடிப்பதற்குள் வாசனை பிடித்துக்கொண்டு குரங்குகள் வந்துவிட்டன. முதலில் சக்கரத்தை நக்கின. இவ்வளவு மணக்கிற வண்டிக்குள் இன்னும் இருக்கும் என்று முடிவு செய்து, மேல் படுதாவைக் கிழித்து உள்ளே இறங்கின. கூடாரத்துக்குள் ஒடுங்கியிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, சாவி போச்சு!

மறுநாள் வீட்டில் மாமனார் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொங்கிய படுதாவைத் தூக்கிப் பார்த்தார். மட்கார்டில் சிக்கியிருந்த மாங்கொட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

"கீறல் ஒண்ணும் இல்ல. படுதாவ தெச்சிக்கலாம். சாவி உன்துதாம்மா" என்றார். நான் துள்ளுவதற்குள், "ஆனா, பழம் இனிமே உன்கூட வராது" என்றார்.

இன்றும் மாமனார் ஊரிலிருந்து திருப்பதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஜீப்பை நான்தான் ஓட்டி வருகிறேன். என் பங்கு மாம்பழம் பஸ்ஸில் வருகிறது. சாவியைக் கையில் எடுத்தாலே போதும், வீடே கேட்கும்: "பழத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"