காஜா மெஷின் நிற்கக் கூடாது

மனைவியைத் திருத்தியே தீருவது என்று சபதம் போட்டு, தொழிற்சாலைக்கு லீவும் போட்டார் உற்பத்தித் திட்ட அதிகாரி. வீட்டு ஹாலில் அவள் நடத்தும் தையல் கடைக்கு ஆஸ்பத்திரிக் கோட்டு ஆர்டர் வந்திருந்தது. சாயங்காலம் வண்டி வரும்போது ஒரு கோட்டு குறைந்தாலும் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"எந்த வேலையிலயும் ஒரு இடத்துலதான் அடைப்பு இருக்கும். முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும்" என்றார்.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? சிங்க்லதான். முந்தாநாளே சொன்னேனே" என்றாள் மனைவி.

கூடத் தைக்கும் இரண்டு பெண்களும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதிகாரி காதில் விழாத மாதிரி ஹாலைச் சுற்றி வந்தார். தையல் மெஷின்கள் பறந்துகொண்டிருந்தன. பட்டன் துளை போடும் காஜா மெஷின் முன்னால் மட்டும் கோட்டுகள் இடுப்பு உயரம் குவிந்து கிடந்தன. அதில் உட்கார வேண்டிய மனைவியோ, பால் பொங்குகிறதென்று அடுப்படிக்கு ஓடியிருந்தாள்.

பிடிபட்டுவிட்டது! காஜா மெஷின்தான் அடைப்பு. அதை ஓட்டுவது மனைவி. ஆக, அடைப்பே மனைவிதான். கல்யாணமான நாள் முதல் இருந்த சந்தேகம் ஒருவழியாக நிரூபணமாகிவிட்டது.

பாலை இறக்கிவிட்டு வந்தவளிடம், "இது நின்னா எல்லாமே நிக்குது. மத்தவங்க எவ்வளவு வேகமாத் தைச்சாலும் குவியல்தான் ஏறும். இது நிக்கவே கூடாது. எல்லாரும் இதுக்குத்தான் சேவகம் பண்ணணும்!" என்றார்.

"அப்ப நான் எழுந்திருக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது."

"இவங்க தைக்கிறாங்க. நீங்க?"

"மேற்பார்வை."

"மேல பாத்தது போதும். அடுப்பையும் கொஞ்சம் பாருங்க."

குக்கர் விசில் அடித்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். தானே போட்ட சட்டம். என்ன செய்வார்? குக்கரை இறக்கினார். சிங்க்கில் முழங்கை வரை கையை விட்டார். காலிங் பெல்லுக்கு ஓடினார். தைத்த கோட்டுகளை மனைவியின் கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கினார். அவள் அசையவே இல்லை. குவியல் கரையத் தொடங்கியது.

அப்போது 'டக்'கென்று ஒரு சத்தம். காஜா மெஷின் ஊசி முறிந்தது. டப்பாவில் மாற்று ஊசி இல்லை.

"ஓடுங்க!" என்றாள்.

ஓடினார். முதல் கடை பூட்டியிருந்தது. அடுத்த கடையில் இந்த மெஷினுக்கான ஊசி இல்லை. மூன்றாவது கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்; அதிகாரி குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி, ஊசியை நீட்டினார். மெஷின் மறுபடி ஓடியது. வாசலில் வண்டி ஹார்ன் அடித்தபோது கடைசிக் கோட்டுக்குப் பட்டன் ஏறிக்கொண்டிருந்தது.

வண்டி போனதும் நாற்காலியில் சாய்ந்தார். "இப்பவாவது ஒத்துக்கோ. என் முறைதானே ஜெயிச்சது?"

"சத்தியமா. அதான் இதைவிடப் பெரிய ஆர்டரா அடுத்ததையும் ஒத்துக்கிட்டேன். நீங்க ஊசி வாங்கப் போனப்ப உங்க மேனேஜர் போன் பண்ணினாரு. லீவை நீட்டிக்க முடியுமான்னு கேட்டேன்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொடுத்திருக்கவே மாட்டாரே! நான் இல்லாம அங்க எல்லாம் நின்னு போயிருக்குமே?"

"நானும் அதைத்தாங்க கேட்டேன். இன்னிக்குத்தான் எல்லாம் ஓடுதாம்."